அப்பா பின்னால வாறார்

செப்டம்பர் 9, திங்கள்

வேலையில் முதல் நாள். வேலை என்றும் சொல்லலாம், படிப்பு என்றும் சொல்லலாம். கிழமையில் நான்கு நாள் அணுமின் நிலையத்தில் பயிலுநர், ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் மாணவன். நான்கு வருட முடிவில் அணுப் பொறியியலில் பட்டம். கட்டணத்தை நிலையமே கட்டிவிட்டுச் சம்பளமும் தரும். லண்டனில் அம்மாவோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் அன்ரிமாருக்கு இது இன்னும் விளங்கவில்லை. படிக்கிறவனுக்கு எவன் சம்பளம் தருவான், பெடியன் ஏதோ பொய் சொல்லுகிறான் என்று நினைக்கிறார்கள்.

பயிற்சியாளர் கிரெய்க் என் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கஜீபன். மூன்றாம் தடவை 'கஜ்' ஆக்கிவிட்டார். பக்கத்தில் மெகன் என்று ஒருத்தி இருந்தாள். இந்த ஊர்க்காரி, தகப்பனும் இதே நிலையத்தில் வெல்டர். செய்முறைப் பயிற்சிகளுக்கு அவள்தான் எனக்குச் சோடி.

இப்போதைக்கு மஞ்சள் அட்டை தந்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் ஆள்துணை இல்லாமல் எங்கேயும் போகக் கூடாது. பாதுகாப்பு விசாரணை முடிந்து பச்சை அட்டை வந்தால்தான் உலைக் கட்டடத்துக்குள் கால் வைக்கலாம். ஏப்ரலுக்குள் வர வேண்டும். வராவிட்டால் பயிற்சி அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வேலைக் குறிப்பு தினமும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில் எல்லாமே ஒழுங்காக நடக்கும். ஒழுங்கில்லாதவற்றை இங்கே தமிழில் எழுதலாம் என்று இருக்கிறேன். பதினொரு வயதுவரை கிளிநொச்சியில் படித்த தமிழ், துருப்பிடிக்காமல் இருக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு சைரன் சோதனை. ஊர் முழுக்கக் கேட்குமாம். அந்த நேரம் நான் கழிவறையில் இருந்தேன். காலையில் குடித்த பால் சரியில்லை போலும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பதினொரு மணிக்குக் கையுறை எடுக்கக் களஞ்சியத்துக்குப் போனேன். களஞ்சியம் நிலக்கீழ் அறையில் இருக்கிறது. நல்ல தடித்த கதவு.

செப்டம்பர் 26, வியாழன்

பாதுகாப்பு விசாரணைக்கான கேள்விகளைக் கணினியில் நிரப்பினேன். இருந்த வீடுகள், படித்த பள்ளிக்கூடங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் கடகடவென்று முடிந்தன. தகப்பன் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உயிரோடு இருக்கிறாரா? ஆம், இல்லை, தெரியாது. ஆம் என்றால் முகவரி. இல்லை என்றால் திகதி, இடம்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பாவை என்னெண்டம்மா போடுறது?"

"காணாமல் போனவர் எண்டு போடு."

"அப்பிடி ஒண்டு இதில இல்லை."

"அப்ப தெரியாது எண்டு போடு. சாப்பிட்டியே?"

தெரியாது என்று போட்டேன்.

அப்பாவின் பெயர் தயாபரன். உழவு இயந்திரம் திருத்துகிறவர். 2009 சித்திரையில், வன்னியில் சண்டை முடிகிற நேரம், கடற்கரைப் பக்கமிருந்து சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வரும்போது காணாமல் போனவர். எனக்கு அப்போது நான்கு வயது. ஒன்றும் ஞாபகமில்லை. அப்பாவின் அக்கா, யோகேஸ் மாமி, இன்னும் கிளிநொச்சியில்தான் இருக்கிறார். அங்கே காணாமல் போனவர்களின் உறவுகள் வீதியோரத்தில் கொட்டில் போட்டு, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டபடி வருடக்கணக்காக இருக்கிறார்கள். மாமியும் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் இருப்பார். கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டு வெளிக்கிட்டால் பின்னேரம்தான் திரும்புவார்.

ஒக்டோபர் 14, திங்கள்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு வகுப்பு. குறைந்த நேரம் நில், தூரத்தில் நில், நடுவில் எதையாவது மறைப்பாக வை. ஈயம், கொங்கிறீற்று, தண்ணீர். மனித உடம்பில் அரைவாசிக்கு மேல் தண்ணீர்தான், ஆனாலும் தயவுசெய்து சக ஊழியரின் பின்னால் ஒளியாதீர்கள் என்று கிரெய்க் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கதிர்வீச்சு உள்ள கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நிலத்தில் இருக்கவோ முழந்தாளிடவோ சுவரில் சாயவோ கூடாது. பேனை விழுந்தால் விழுந்தபடி கிடக்கட்டும். நிலத்தில் என்ன தூசி இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அலாரம் அடித்தால் எதையும் தொடாமல் நிமிர்ந்து நடந்து வெளியே வர வேண்டும். இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

கடைசியில் மறைப்புக் கணக்கு. கணக்கில் நான் புலி. (பாதுகாப்பு அலுவலகத்தில் இந்தச் சொல்லைப் பாவிக்காமல் இருப்பது நல்லது.) ஆனால் இன்று மூன்று தடவை செய்தும் மூன்று விடை வந்தது. நித்திரை போதாது. வாடகை அறையின் கட்டில் சரியில்லை. குப்புறப் படுத்தால் முதுகில் யாரோ ஏறிப் படுத்தது போலப் பாரமாக இருக்கிறது. நிமிர்ந்து படுத்தால் பரவாயில்லை.

ஒக்டோபர் 22, செவ்வாய்

மெகன் கேட்டாள், "ஒவ்வொரு செவ்வாயும் உனக்குக் கையுறை முடிந்துவிடுகிறதா?" எனக்கு எரிச்சல் வந்தது. சின்னக் கை, கிழிந்துவிடுகிறது என்றேன். என் கை அப்படியொன்றும் சின்னதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இந்த நாட்டில் இன்று வெடி கொளுத்துகிற நாள். கடற்கரையில் பெரிய நெருப்பு மூட்டுவார்கள், வா என்று மெகன் கூப்பிட்டாள். வயிற்றுக் குத்து என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அனுப்பிய தூளில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். உடுப்புத் தோய்த்தேன். ஏழு மணிக்கு வெடி தொடங்கியது. பல்கலைக்கழகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் போய் இருந்தேன். தண்ணீர் விடவில்லை. பழைய காலத்து இரும்புத் தொட்டி, விளிம்பு உயரம். வெளிச்சத்தையும் அணைத்திருந்தபடியால் படிக்க முடியவில்லை. குளியலறைதான் இந்த வீட்டில் ஆகச் சூடான இடம், அதனால்தான் போனேன்.

நவம்பர் 21, வியாழன்

பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து திருமதி ஹோல்ட் கூப்பிட்டார். நல்ல மரியாதையான மனுஷி, தேத்தண்ணீர் தந்தார். தகப்பனைப் பற்றித் 'தெரியாது' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். உயிரோடு இருந்து, ஒரு நாள் தொடர்பு கொண்டால்? அவரை வைத்து யாராவது என்னை மிரட்டினால்? கோபம் வந்தது. என் அப்பா உழவு இயந்திரம் திருத்துகிறவர், அவரை வைத்து யார் என்னை என்ன செய்வான்?

"நடந்தது எதுவானாலும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை," என்றார். "ஒருவர் எதையாவது மறைத்து வைத்திருந்தால்தான் பிரச்சினை. அதைத்தான் மற்றவர்கள் பிடித்து இழுப்பார்கள்."

நான் எதையும் மறைக்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான். பெப்ரவரியில் திரும்பக் கூப்பிடுவாராம். அதற்குள் குடும்பத்தில் யாரையாவது விசாரித்துத் தெளிவாக ஒரு பதில் கொண்டுவரச் சொன்னார். தெளிவு இல்லையென்றால் பச்சை அட்டைக்கு அவரால் கையெழுத்துப் போட முடியாது.

டிசம்பர் 28, சனி

லண்டனில் நிற்கிறேன். அம்மா வழமைபோல் காலையில் தலை முழுகி, குங்குமப் பொட்டு வைத்து, அதன் பிறகுதான் தேத்தண்ணீருக்கு வைத்தார். புருஷன் காணாமல் போனவரென்றால் பொட்டு அழிக்கத் தேவையில்லை. மாமிக்கு அதில் பெரிய பிடிவாதம்.

மாமி காணொளியில் வந்தார். கொட்டிலிலிருந்துதான். படத்தைத் தூக்கிக் காட்டினார். "தயா, இஞ்ச பார், உன்ரை மகன் இஞ்சினியராகப் போறான்," என்று படத்திடம் சொன்னார். பிறகு அம்மாவிடம், "புஸ்பம், ஏதோ ஒரு தடுப்பு முகாமில கனபேர் இருக்கினமெண்டு இஞ்ச ஒரு பிள்ளை சொன்னவள். விசாரிக்கப் போறன்," என்றார். அம்மா ஓம் மச்சாள், ஓம் மச்சாள் என்றபடி திரையைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மாமி போன பிறகு கேட்டேன். "அம்மா, அப்பாவைக் கடைசியா எங்க கண்டனீங்கள்?"

"சனத்துக்குள்ள."

"எந்த இடத்தில?"

"தம்பி, அரிசி கழுவோணும், தள்ளு."

அரிசி ஏற்கெனவே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 22, புதன்

எழுதத்தான் வேண்டும். வேலைக் குறிப்பில் இரண்டு வரி எழுதிவிட்டேன், அது போதாது.

பயிற்சிக் கூடத்தில் உலைக் கட்டடத்தின் ஒரு அறையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். குழாய்கள், வால்வுகள், எச்சரிக்கைக் கயிறு எல்லாம் உண்டு. கதிரியக்கம் மட்டும் இல்லை. அதற்குப் பதில் தரையிலும் சுவரிலும் ஒரு மெல்லிய பொடியைத் தூவி வைப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகு அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தால், பொடி பட்ட இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். எவன் எங்கே தொட்டான், எங்கே சாய்ந்தான் என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பையன்களுக்கு இது பெரிய விளையாட்டு. போன கிழமை ஒருவனுக்கு மூக்கு ஒளிர்ந்தது.

நானும் மெகனும் வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை, சப்பாத்து உறை எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். ஒரு வால்வைத் திறந்து மூட வேண்டும். அவள் செய்ய, நான் ஒவ்வொரு படியாக வாசித்தேன். நன்றாகத்தான் போனது. அப்போது கிரெய்க் முன்னறிவிப்பில்லாமல் அலாரத்தை அடித்தார். அதுவும் பயிற்சியின் பகுதி.

அதற்குப் பிறகு நான் தரையில் கிடந்தேன். இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. என் நெஞ்சுக்குக் கீழே மெகன் குப்புறக் கிடந்தாள். என் இரண்டு கையும் அவளுடைய தலையை மூடியிருந்தன. கிரெய்க் அலாரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து என் தோளைத் தட்டினார். என்னால் எழும்ப முடியவில்லை. எழும்பக் கூடாது என்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள்.

பிறகும் ஒழுங்கு ஒழுங்குதான். வெளிச்சத்தை அணைத்து ஊதா விளக்கைப் பிடித்தார்கள். எனக்கு முழங்கால், முழங்கை, கன்னம் எல்லாம் பச்சை. மெகனுக்கு முன்பக்கம் முழுக்கப் பச்சை. அவளைத் திருப்பினார்கள். முதுகில் ஒரு துளி இல்லை. தலையிலும் இல்லை. கழுத்து, தோள், இடுப்பு, எல்லா இடமும் துப்புரவாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

நிலத்தில் படுத்ததால் நீங்கள் இரண்டு பேரும் மாசுபட்டுவிட்டீர்கள், நடந்து வெளியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று கிரெய்க் சொன்னார். அது சரிதான். பயிற்சியில் சித்தியில்லை, தோல்வி என்று போட்டார். அதுவும் சரிதான். வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

மெகன் என் மேசைக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்ததை மறைத்துக்கொண்டு, பரவாயில்லை என்றாள்.

"நீ என் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாய். திரும்பத் திரும்ப ஒரே சொல்."

அவளுக்குப் பாடமாகிவிட்டது. அவளுடைய வாயால் அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள். அசையாதை. அசையாதை. அசையாதை.

கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். பிறகு அம்மாவுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அம்மா, எனக்கு ஆர் அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டேன். மற்றப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"சனிக்கிழமை வாறன்," என்றார் அம்மா.

ஜனவரி 25, சனி

பகல் ரயிலில் வந்து இறங்கினார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. அணுமின் நிலையம் எங்கே என்று கேட்டார். கடற்கரைப் பாதையில் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் காட்டினேன். நல்ல குளிர். பாதையோர வாங்குப் பலகையில் இருந்தோம். கடல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா இருந்தார்.

தொடங்கியதும் இடையில் நிற்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"விடியப்புறம் வெளிக்கிட்டனாங்கள். தறப்பாள், சட்டி பானை எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டம். உன்னை அப்பா தோளில வைச்சிருந்தவர். செல் வந்து விழத் தொடங்கீற்றுது. பங்கர் ஒண்டும் இல்லை, வெறும் மணல். எல்லாரும் விழுந்து படுத்தம். அப்பா உன்னைக் கீழ வைச்சிட்டு மேல படுத்தார். நான் ஒரு பத்தடி தள்ளி. அவர் உனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர், அசையாதை அசையாதை எண்டு. எனக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேக்கேல்லை.

"செல்லடி நிண்டாப் பிறகு போய் அவரைப் பிரட்டினன். முதுகு இல்லை. நீ அப்பிடியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். ஒரு கீறல் இல்லை. அவர் அசையாதை எண்டு சொன்னதாலை நீ அசையேல்லை. நான் எழும்பு எண்டு கத்தினாலும் அசையேல்லை. இழுத்தெடுத்தன். சனம் ஓடுது. திரும்ப செல் வருது. அவரின்ரை கண்ணைக்கூட மூடேல்லை நான். ஒரு துணி போடேல்லை. மணலாவது அள்ளிப் போட்டிருக்கலாம். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டன்.

"கடலேரித் தண்ணிக்குள்ளால வரேக்க நீ கேட்டாய், அப்பா எங்க எண்டு. அப்பா பின்னால வாறார் எண்டு சொன்னன். சொல்லாட்டி நீ நடக்க மாட்டாய். முகாமுக்கு வந்தா அங்க மச்சாள் முந்தியே வந்து நிக்கிறா. கண்டவுடன ஓடி வந்து, தயா எங்க, தயா எங்க எண்டு கேட்டவா. நான் வாயைத் திறக்கமுதல் நீ சொல்லிப்போட்டாய், அப்பா பின்னால வாறார் எண்டு. மச்சாள் உன்னைத் தூக்கிக் கொஞ்சினா. நான் பேசாமல் நிண்டன்.

"நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அவா ஒவ்வொரு முகாமா ஏறி இறங்கத் தொடங்கீற்றா. பிறகு படம் போட்டா. பிறகு அந்தக் கொட்டில். இனி எந்த வாயால சொல்லுறது?"

அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா கொண்டுவந்த இடியப்பத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். பசித்தது, இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். பிறகு நான் கெட்டித்தனமாக ஒரு வழி சொன்னேன். திருமதி ஹோல்டிடம் உண்மையைச் சொல்லுகிறேன், அது அவர்களுடைய அலுவலகத்தைத் தாண்டிப் போகாது. மாமிக்குச் சொல்லத் தேவையில்லை. வேலையும் தப்பும், மாமியும் தப்பிவிடுவார்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "வெள்ளைக்காரிக்குத் தெரியும், கூடப்பிறந்தவளுக்குத் தெரியாது. அப்பிடி ஒண்டு வேண்டாம் தம்பி. நீ முதல்ல போய்ச் சொல்லு. பிறகு நான் சொல்லுறன்."

ஜனவரி 28, செவ்வாய்

பதினொரு மணிக்குக் களஞ்சியத்துக்குப் போனேன். பயத்தில்தான் போனேன். எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 6, வியாழன்

திருமதி ஹோல்டிடம் சொன்னேன். இறந்துவிட்டார், ஏப்ரல் 2009, முல்லைத்தீவுப் பக்கக் கடற்கரை. யார் பார்த்தது என்று கேட்டார். அம்மாவும் நானும் என்றேன். எங்கே அடக்கம் என்று கேட்டார். அடக்கம் இல்லை என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அவர் உயிரோடு இருப்பதாக வேறு யாராவது நம்புகிறார்களா?"

"ஒருவர். ஞாயிற்றுக்கிழமைவரை."

அதை எப்படி எழுதிக்கொண்டார் என்று தெரியாது. இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது. அதுவே எனக்கு அருவருப்பாகவும் இருந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

மூன்று பேரும் ஒரே அழைப்பில். நான் இங்கே, அம்மா லண்டனில், மாமி கிளிநொச்சியில் கோழிக்கூட்டுப் பக்கம். படம் இல்லாமல் குரல் மட்டும் போதும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"மச்சாள், ஒண்டு சொல்லோணும். உங்கட தம்பி இல்லை."

"என்ன?"

"அண்டைக்கே முடிஞ்சுது, மச்சாள். வாற வழியில. பிள்ளையை மூடிக்கொண்டு படுத்தவர். நான் கண்டனான். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

கோழிகள் கொத்துகிற சத்தம் கேட்டது. ஒரு மோட்டார்ச் சைக்கிள் போனது. மாமி அழுவார், அம்மாவை வாயில் வந்தபடி திட்டுவார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வைச்சனீங்கள்?" என்று கேட்டார் மாமி.

திரும்பவும் கேட்டார். "அவனை எங்க புதைச்சு வைச்சனி, புஸ்பம்?"

"வைக்கேல்லை மச்சாள்."

மாமி அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அன்றைக்குப் பிறகு மாமி அழைக்கவில்லை. நான் அழைத்தாலும் எடுக்கவில்லை. அம்மாவைக் காணொளியில் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. "கண்ணாடிக்கு முன்னால நிண்டனான், கை போகேல்லை," என்றார். முகம் எனக்குப் பழக்கமில்லாத யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது. வேலையில் அன்ரிமார் கேட்டார்களாம், குங்குமம் ஒத்துக்கொள்ளவில்லை, கடிக்கிறது என்று சொன்னாராம்.

மாமிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறார். அவரிடம் முதலில் சொன்ன வாய் என்னுடையது. நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். சரியான நியாயம்தான், ஆனால் மனம் ஆறவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பச்சை அட்டை வந்தது. மெகன் கேக் வாங்கி வந்தாள். கேக் வெட்டுகிற நேரம் பதினொரு மணி. நான் கதவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு, "வா, களஞ்சியத்தில் வைத்துச் சாப்பிடலாம்," என்றாள். பயிலுநர்கள் எட்டுப் பேரும் நிலக்கீழ் அறையில் கையுறைப் பெட்டிகளுக்கு மேல் இருந்து கேக் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் தடவையாக உலைக் கட்டடத்துக்குள், உண்மையான கட்டுப்பாட்டுப் பகுதியில். உடுப்பு மாற்றி, உடம்பில் படும் கதிர்வீச்சைக் கணக்கிடும் கதிரளவியை நெஞ்சில் குத்தி, மெகனும் நானும் கிரெய்க்கோடு போனோம். பதினொரு மணிக்கு உள்ளேதான் நின்றோம். ஒளிய இடமில்லை. சைரன் அடித்தது. நிலத்தில் விழுந்து படுக்கப் பார்த்தேன். பயந்தேன், சரியாகப் பயந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதுகில் அந்தப் பாரம் வந்து இருந்தது. இந்த முறை அது யாரென்று எனக்குத் தெரியும் என்றபடியால் தள்ளிவிடப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது வாசலில் நிற்கும் கருவி எங்கள் உடம்பை அளந்தது. ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர் விடுமுறை, லண்டன். சமைத்துக்கொண்டிருந்தோம். நான் தேங்காய் துருவ, அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. யோகேஸ் மாமி.

அம்மா மீன் கையோடு நின்றார். நான் எடுத்து, குரலைப் பெரிதாக்கி மேசையில் வைத்தேன்.

"தம்பியோ? கொம்மாவும் நிக்கிறாவோ?"

"நிக்கிறன் மச்சாள்."

மாமி தொடங்கினார், சந்தைக்குப் போய் வந்த கதை சொல்லுகிற மாதிரி.

"இவ்வளவு நாளும் கொட்டிலுக்குப் போகேல்லை. நேற்றுத்தான் போனனான். வீட்டில இருந்து என்ன செய்யிறது? படத்தைக் கொண்டு போகேல்லை. எல்லாம் என்னைக் கண்டவுடன ஓடி வந்து கட்டிப்பிடிக்குதுகள். உடம்பு வருத்தமோ எண்டு கேக்குதுகள். பூமணியக்கா, அவவின்ரை ரண்டு பெடியளும் காணாமல் போனவங்கள், தெரியும்தானே, அவ கேட்டா, யோகேஸ், தயாவின்ரை படம் எங்க எண்டு."

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.

"சொல்லத்தான் போனனான், புஸ்பம். சத்தியமாச் சொல்லத்தான் போனனான். அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு முகத்தைப் பாக்கிறா. உன்ரை தம்பி வந்தா என்ரை பிள்ளையளும் வருங்கள் எண்டு எத்தினை நாள் எனக்குச் சொன்னவ. படச் சட்டம் உடைஞ்சு போச்சு, கண்ணாடி போடக் குடுத்திருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மாவின் கையிலிருந்து மீன் தண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் துணி எடுக்க எழும்பினேன். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அடுத்த கிழமையும் கேப்பினமே, மச்சாள்," என்றார் அம்மா மெதுவாக. "அப்ப என்ன சொல்லுவியள்?"

"அதைக் கேக்கத்தான் உனக்கு எடுத்தனான்," என்றார் மாமி.